மீனுக்கு முன் வரும் உயிர்கள்

கொல்லைப்புறத்தில் ஒரு சிமென்ட் தொட்டி. அதற்குச் சற்று மேலே ஜல்லி நிரப்பிய படுகை. இரண்டையும் இணைக்கும் குழாய், தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சிறு மோட்டார். அக்வாபோனிக்ஸ் எனப்படும் மீன், கீரைக் கூட்டு வளர்ப்பைத் தொடங்குகிறவருக்கு இவையெல்லாம் ஓரிரு விடுமுறை நாட்களில் கைகூடிவிடும். தண்ணீர் ஏறுகிறது, ஜல்லிக்குள் பரவுகிறது, மறுபடி தொட்டிக்குள் விழுகிறது. எல்லாம் ஆயத்தமாகிவிட்டதாகத் தோன்றும் அந்த நேரத்தில்தான் இம்முயற்சியின் முதல் கேள்வி எழுகிறது: மீனை எப்போது விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லும் பதில் ஆசையோடு தொடங்கியவருக்குக் கசக்கவே செய்யும். இப்போது வேண்டாம். நான்கு வாரம் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம், குளிர்காலமானால் இன்னும் நீளலாம். காத்திருக்க வேண்டும்.

யாருக்காக இந்தக் காத்திருப்பு? தண்ணீரில் இன்னும் பெருகாத சில நுண்ணுயிர்களுக்காக. அவற்றைக் கடையில் வாங்கித்தான் விட வேண்டும் என்பதில்லை. மண்ணிலும் கல்லிலும் நீரிலும் அவை ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. குளோரின் நீங்கிய தண்ணீரில் சிறிதளவு அம்மோனியாவைச் சேர்த்து, நீரோட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டு, வெயில் நேரே விழாமல் காத்தால் அவை தாமாகவே குடியேறும். அவை வருவதற்கு இடம் விட்டுவைப்பதும், வந்து பெருகும்வரை கையை அடக்கிக்கொள்வதும்தான் நம் பங்கு. தொடக்கம் என்றால் செயல் என்றே பழகிய நமக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதையே முதற்செயலாகக் கேட்கும் இந்தத் தொழில் புதிய ஒழுக்கம் ஒன்றைக் கற்றுத்தருகிறது. அந்த ஒழுக்கத்தின் பொருள் தொட்டியோடு முடிந்துவிடுவதில்லை என்பதால்தான் அதைப் பற்றி நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மீன் உண்ணும் தீவனத்தில் புரதம் இருக்கிறது. அது செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆற்றில் அது ஓடிப் போய்விடும். தொட்டியில் போக இடமில்லை. தான் வெளிவிட்டதையே மீன் மறுபடி சுவாசிக்கிறது. லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் சேர்ந்தாலே செவுள் புண்படத் தொடங்கும். தண்ணீரின் காரமும் வெப்பமும் ஏற ஏற நஞ்சின் வேகமும் ஏறும். இந்த அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டைக் கீரையின் வேர் உணவாக எடுத்துக்கொள்ள, தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்புகிறது. இவ்வளவுதான் இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம். மீனும் கீரையும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டையும் வாழவைப்பவை தெரிவதில்லை.

தெரிவதில்லை என்று சொன்னாலும், நெருங்கிச் செல்கிறவருக்கு அவை தம் இருப்பை உணர்த்தாமல் இல்லை. நன்றாக நிலைபெற்ற ஒரு படுகையில் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். முதலில் போட்டபோது சொரசொரத்த கல்தான். இப்போது விரலுக்கடியில் மெல்ல வழுக்குகிறது. பழுப்பாக ஒரு படலம் அதன்மேல் ஏறியிருக்கிறது. மூக்கருகே கொண்டுவந்தால் மழை நனைத்த மண்ணின் மணம். காற்றோட்டம் தடைபட்டுப்போன மூலையிலிருந்து எடுத்த கல்லிலோ அழுகிய முட்டையின் வாடை வீசும். அந்தப் படலத்துக்குள் கணக்கிலடங்காத உயிர்கள் இரவு பகல் பாராமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. நஞ்சை ஏற்கின்றன. அதிலிருந்து கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு வாழ்கின்றன. எஞ்சியதை உணவுக்கு ஒரு படி நெருக்கமாகக் கொண்டுவந்து விட்டுச் செல்கின்றன.

இவற்றை மனித அறிவு கண்டுகொண்ட வரலாறும் ஒரு காத்திருப்பின் வரலாறுதான். 1877இல் பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்லக் கசியவிட்டார்கள். இருபது நாள்வரை எந்த மாற்றமும் இல்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பிறகு வந்த நீரில் நைட்ரேட் தோன்றியது. நாளடைவில் அம்மோனியா மறைந்தே போனது. வெறும் வேதிவினையாக இருந்திருந்தால் இந்த இருபது நாள் தாமதம் எதற்கு? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. பிறகு மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினார்கள். மாற்றம் மீண்டும் தொடங்கியது. அங்கே வேலை செய்தது உயிர் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. இன்று ஒவ்வொரு கொல்லைப்புறத் தொட்டியும் தன்னை அறியாமலே அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறது.

1890இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியல் அறிஞர் அந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவரை பலர் முயன்று தோற்றதற்குக் காரணம் இருந்தது. பிற நுண்ணுயிர்கள் விரும்பி வளரும் ஊட்டம் மிக்க கூழில் இவை வளர மறுத்தன. உப்புகள் மட்டுமே கரைந்த எளிய நீரில்தான் இவை பெருகின. நஞ்சை எரித்து அதன் சிறு வெம்மையில், காற்றிலிருந்து கரைந்த கரியமில வாயுவைக் கொண்டு உடலைக் கட்டிக்கொள்ளும் வாழ்க்கை இவற்றினுடையது. வருவாய் குறைவு என்பதால் வளர்ச்சியும் மெதுவானது. நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா, சூழல் வாய்த்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவை இரண்டாவதற்குப் பல மணி நேரம் ஆகும். சில வேளைகளில் ஒரு நாளும் கடந்துவிடும். நாம் காத்திருக்கும் வாரங்கள் எல்லாம் இந்த மெதுவான பெருக்கத்தின் வாரங்கள். இன்னும் ஒன்று: இரண்டு படிகளையும் ஒரே உயிரால் செய்ய முடியாது என்று நூறாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது. 2015இல் இரண்டையும் தனியே செய்துமுடிக்கும் ஒரு நுண்ணுயிர் அறியப்பட்டது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று மீன்வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி. இருக்கிறது என்றே நாம் அறியாத ஒன்று அத்தனை காலமும் நமக்குப் பணி செய்திருக்கிறது. நாம் அறிந்துகொண்ட பின்புதான் உதவி வரும் என்ற நியதி உலகில் எங்கும் இல்லை.

காத்திருக்கும் வாரங்களின் நடுவே ஒரு கட்டம் வரும். சோதனைக் குழாயில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை நாளுக்கு நாள் வெளிறி மஞ்சளாகும். தொடங்கியவருக்கு மனம் நிறையும். ஆனால் அதே நாட்களில் நைட்ரைட்டைக் காட்டும் குழாய் ஆழ்ந்த ஊதாவாகிக்கொண்டிருக்கும். ஒரு நஞ்சு போய் இன்னொரு நஞ்சு வந்திருக்கிறது. அவசரப்பட்டு மீனை விட்டிருந்தால் அதன் விளைவு இப்போது தெரியும். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் நிறமியைச் சுமக்க மாட்டாததாக்கிவிடுகிறது. துவண்ட மீனின் செவுள் மூடியைத் தூக்கினால், செக்கச்செவேல் என்றிருக்க வேண்டிய இடம் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். சுற்றிலும் பிராணவாயு நிறைந்த நீர். ஆனாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்து மூச்சுக்குத் திணறியதை ஆராய்ந்து, அவர்களுடைய பாலில் கலந்த கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் மிகுந்திருந்ததே காரணம் என்று எழுதினார். குழந்தையின் உடலுக்குள் அது நைட்ரைட்டாகி, மீனின் இரத்தத்துக்குச் செய்ததையே குழந்தையின் இரத்தத்துக்கும் செய்திருந்தது. தொட்டியில் இருக்கும் உயிரையும் தொட்டிலில் இருக்கும் உயிரையும் ஒரே விதி ஆள்கிறது.

நஞ்சிலிருந்து உணவுக்குப் போகும் வழி, மற்றொரு நஞ்சின் ஊடாகச் செல்கிறது. இதை நாம் வேதியியலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. துயரம் தெளிவாவதற்கு முன் கசப்பாகிறது. பழைய கட்டுகளை உதறிய சமூகம், புதிய நெறியில் காலூன்றுவதற்கு முன் குழப்பத்தில் தள்ளாடுகிறது. தவறான பழக்கத்தை விட்டவர், நலம் பெறுவதற்கு முன் முன்னிலும் நலிந்தவராகத் தோன்றுகிறார். இந்த இடைநிலையைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் மனம் தளர்கிறார்கள். மாற்றமே பிழை என்று முடிவு கட்டுகிறார்கள். தொட்டி சொல்லும் பாடம் வேறு. இடைநிலை என்பது தோல்வியின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. முதல் மாற்றம் வந்துவிட்டது, அடுத்ததை முடிக்க வேண்டியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். அதுவரை வேண்டியவை, பாதித் தண்ணீரை மாற்றுவது, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கச் சிறிது உப்பு இடுவது போன்ற எளிய காப்புகளும், வழியைக் கைவிடாத உறுதியும்.

தொட்டி ஒருவாறு நிலைபெற்று மீன் வந்தபின்னும் காத்திருப்பு வேறொரு வடிவத்தில் தொடர்கிறது. கரையில் நம் நிழல் விழுந்ததுமே மீன்கள் திரண்டு வந்து வாயைத் திறக்கின்றன. ஒரு பிடித் தீவனத்தை முடித்துவிட்டு இன்னும் பசிப்பதுபோல் சுழல்கின்றன. மற்றொரு பிடி போடச் சொல்லி நம் இரக்கம் தூண்டுகிறது. அந்த இரண்டாவது பிடியில்தான் பல தொட்டிகள் கெடுகின்றன. 2014இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, கணக்கை மீனின் எண்ணிக்கையிலிருந்து தொடங்காமல் அன்றாடத் தீவனத்திலிருந்து தொடங்குகிறது: ஒரு சதுர மீட்டர் கீரைப் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம். இந்த எண்ணின் பின்னால் ஆழமான கருத்து ஒன்று இருக்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கொடுக்கிறவரின் வசதியும் தீர்மானிக்கவில்லை, பெறுகிறதன் பசியும் தீர்மானிக்கவில்லை. கொடுத்ததன் எச்சத்தை ஏற்று மாற்ற வேண்டிய உயிர்களுக்கும் வேர்களுக்கும் எவ்வளவு தாங்கும் என்பதே தீர்மானிக்கிறது. அளவு இல்லாத அன்பு, தான் நேசித்ததையே அதன் மிச்சத்தில் மூழ்கடித்துவிடும்.

இதெல்லாம் ஒரு சிறு தொட்டிக்கு உரிய நெருக்கடி, பெரிய நீருக்கு இது பொருந்தாது என்று எண்ணத் தோன்றலாம். உண்மையில் சிறு நீருக்கும் பெரு நீருக்கும் விதி ஒன்றுதான். தீர்ப்பு வருவதற்கு ஆகும் நேரம் மட்டுமே வேறு. சில நூறு லிட்டர் தண்ணீரில் இன்றைய மிகைத் தீவனம் நாளைக் காலையே மீனை நீர்ப்பரப்புக்குக் கொண்டுவந்து வாய் பிளக்க வைக்கும். ஏரியில் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஊரின் கழிவுநீர் விடாமல் வந்து சேரும் ஏரிகள் பலவற்றை ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரைவரை மூடியிருப்பதை நாம் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகிறோம். பசேல் என்று தெரியும் அந்தப் போர்வை செழிப்பின் அடையாளம் போலவே இருக்கிறது. அதன் அடியிலோ வெளிச்சமும் பிராணவாயுவும் அற்ற நீர். வயலுக்கு இடும் உரத்தின் கதையும் இதுதான். ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியல் அறிஞர் காற்றின் நைட்ரஜனிலிருந்து, உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைச் செய்து காட்டியது 1909இல். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. மனித குலத்தின் பெரும்பகுதி இன்று உண்ணும் சோற்றில் அந்தக் கண்டுபிடிப்பின் பங்கு இருக்கிறது. அதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட உரம் எங்கோ போய்த்தான் ஆக வேண்டும். மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அடிநீர் பிராணவாயு இழந்து போகிறது. கடல் பெரியது என்பதால் அது மன்னிக்கும் என்று நாம் நம்பினோம். அது மன்னிக்கவில்லை, தாமதித்தது. தாமதத்தை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டது நம் காலத்தின் பெரும் அறியாமை.

இந்த அறியாமை நீரோடும் மண்ணோடும் நின்றிருந்தால் கூட அதன் குற்றம் சிறியதாக இருந்திருக்கும். நம் வாழ்வின் எச்சத்தை ஏற்று அகற்றும் வேலையை மனிதர் மேலும் சுமத்தியிருக்கிறோம். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையைத் தடுக்க இந்தியாவில் 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இருந்தும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் நச்சு வாயு தாக்கி மாண்ட செய்திகள் நின்றபாடில்லை. காற்றுப் புகாத ஜல்லி மூலையில் எழும் அழுகல் வாயு எதுவோ, அதுதான் அங்கேயும் உயிர் குடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை மறந்திருப்பது அறியாமை. கண்ணெதிரே நடமாடும் மனிதரைக் காணாதிருப்பது அறமின்மை. எச்சத்தை ஏற்பது நுண்ணுயிர்க்கு இயல்பான வாழ்வு. நஞ்சே அதன் உணவு. மனிதருக்கு அது விதிக்கப்பட்ட இழிவு. அதை இயல்பு என்று சொல்லிப் பழக்கியதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. நம் வீட்டு நீர்த்தாரை எங்கே போய்ச் சேர்கிறது, யார் கை அதைத் தொடுகிறது என்று ஒருமுறையேனும் தொடர்ந்து சென்று பார்த்தவருக்கு, இதுவரை வாழ்ந்த அளவிலேயே இனியும் வாழ்வது எளிதாக இராது.

இப்படித் தொட்டியிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து கடலுக்கும், அங்கிருந்து நம் தெருவின் பாதாளச் சாக்கடைக்கும் எண்ணம் நடந்து முடிக்கும்போது ஒரு பொது நியதி தெளிவாகிறது. ஓர் உயிர்க்கூட்டம் எவ்வளவு செழிக்கலாம் என்பதற்கு அதன் பசி எல்லையாவதில்லை, செல்வமும் எல்லையாவதில்லை. அது விட்டுச்செல்லும் எச்சத்தை ஏற்று, மாற்றி, மீண்டும் வாழ்வுக்குள் திருப்பித் தரும் உயிர்கள் எந்த வேகத்தில் இயங்க முடியுமோ, அந்த வேகமே அதன் செழிப்புக்கு உண்மையான எல்லை. அந்த எல்லையை மீறி எடுக்கும் ஒவ்வொன்றும் வருவாய் போலத் தோன்றினாலும் கடனாகவே எழுதப்படுகிறது. கடனைத் தீர்க்கும் முறை, பெரும்பாலும், அதை வாங்காத உயிர்களுக்கும் இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் வந்து சேர்கிறது. நுகர்வைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் நாம் பேசும் பேச்சில் இந்த வேகம் கணக்கில் வருவதே இல்லை. எவ்வளவு விளைந்தது என்று கேட்கிறோம், எவ்வளவு விற்றது என்று கேட்கிறோம். விளைந்ததன் மிச்சத்தை யார் ஏற்றார்கள், ஏற்றவர்களால் தாங்க முடிந்ததா என்று கேட்பதில்லை. கொல்லைப்புறத் தொட்டியைத் தொடங்குகிறவர் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டாக வேண்டியிருக்கிறது. கேட்காமல் முன்னே ஓர் அடியும் வைக்க முடியாது. அதுவே அந்தச் சிறு முயற்சிக்கு உள்ள பெருமை.

எல்லைக்கு உட்பட்டு வாழ்வதை நாம் ஒரு குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். சிந்தித்துப் பார்த்தால், நம் இருப்பே அந்த ஒழுங்கின் கொடை. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்த நுண்ணுயிர்கள் மண்ணிலும் நீரிலும் தம் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. நஞ்சு உணவாகும் பாதை திறந்திருந்தது; புல் முளைத்தது, விலங்கு மேய்ந்தது, பின்னரே நாம் வந்தோம். நமக்காகக் காத்திருக்க யாரும் முடிவு செய்யவில்லை என்றாலும், காத்திருந்தது போன்ற ஓர் ஒழுங்கின் நடுவேதான் நாம் பிறந்திருக்கிறோம். அப்படிப் பெற்ற உலகுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, புகழ்ச்சியில் இல்லை. நம் ஆசையின் வேகத்தை, நம்மைத் தாங்குகிறவர்களின் வேகத்தோடு இணைத்துக்கொள்ளும் அடக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது பிடியைத் தடுத்து நிறுத்தும் கையும், மாறாத ஊதா நிறத்தைக் கண்டும் தளராத மனமும், தன் எச்சம் போகும் வழியைத் தொடர்ந்து சென்று அங்கே நிற்கிறவரை மனிதராகக் காணும் கண்ணும் ஒரே அறத்தின் மூன்று உறுப்புகள். நமக்கு முன் வந்தவற்றால் வாழ்கிறோம் என்று உணர்ந்தவருக்குத் தமக்குப் பின் வருகிறவர்களும் வாழத்தக்க நீரை விட்டுச்செல்வது தியாகமாகத் தோன்றாது. வாழ்ந்ததற்கான கடமையாகவே தோன்றும்.